பயன்படுத்தாத சுருள்களில் இருக்கும் பள்ளிக்கூடம்: பிரிட்டிஷ் பாத்தே காப்பகம் பற்றி

பிரிட்டிஷ் பாத்தே இணையதளத்தில் பழைய செய்திப்படங்களை, அதாவது ஒரு காலத்தில் தியேட்டர்களில் காட்டிய செய்தித் தொகுப்புகளை, தேடினால், சில துண்டுகளின் கீழே ஒரே மாதிரியான குறிப்பு திரும்பத் திரும்ப வரும்: பயன்படுத்தாத, வெளியிடாத படம், தேதியும் இடமும் தெளிவில்லை. பலரும் அதைப் பார்த்ததுமே அடுத்த துண்டுக்குப் போய்விடுவார்கள். இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகள் எப்படி எழுந்தார்கள், எப்படிச் சாப்பிட்டார்கள், சாயங்காலம் என்ன செய்து பொழுதைப் போக்கினார்கள் என்று பார்க்க வருகிறவர்கள் அந்தக் குறிப்புள்ள துண்டுகளைத்தான் முதலில் திறக்க வேண்டும். வெளியான படங்களைவிட விஷயம் அவற்றில்தான் அதிகம். இந்த மதிப்புரையை எழுதுவதே அதைச் சொல்லத்தான்.

நான் சென்னையில் ஆவணப்படங்களுக்கு எடிட்டிங் செய்கிறவள். நீலகிரியின் விடுதிப் பள்ளிகளைப் பற்றிய ஒரு படம் என் மேசைக்கு வந்தது. லவ்டேலில் இருக்கும் லாரன்ஸ் பள்ளி 1858இல் தொடங்கியபோது அது பிரிட்டிஷ் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கான இடம். வரிசைக் கட்டில், மணியடித்து எழுப்புவது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கடிதம் எழுத வைப்பது போன்ற பழக்கங்கள் கப்பலேறி வந்து, பிறகு மலையேறியவை. அவை புறப்பட்ட ஊரில் எப்படி இருந்தன என்பதைக் காட்டாமல் கதை முழுமையாகாது என்றார் இயக்குநர். அதற்காகத்தான் பாத்தேயின் கதவைத் தட்டினோம்.

காப்பகத்தைப் பற்றிக் கொஞ்சம். சேவல் சின்னத்தைப் பார்த்திருப்பீர்கள். பாத்தே சகோதரர்கள் 1896இல் பாரிஸில் தொடங்கிய நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளை இது. 1910இலிருந்து 1970 வரை பிரிட்டனின் தியேட்டர்களுக்குச் செய்திப்படம் தயாரித்தது. அதோடு ‘பாத்தே பிக்டோரியல்’ என்று பொழுதுபோக்குப் பத்திரிகை மாதிரியான படங்களையும், 1921 முதல் 1933 வரை பெண்களுக்கென்று ‘ஈவ்ஸ் பிலிம் ரிவியூ’ என்ற தொடரையும் வெளியிட்டது. 2002இல் பிரிட்டனின் தேசிய லாட்டரி நிதியின் உதவியோடு மொத்தக் காப்பகமும் டிஜிட்டலாக மாற்றப்பட்டது. 2014இல் சுமார் 85,000 படங்களை யூட்யூபில் ஏற்றினார்கள். பார்ப்பதற்குப் பணம் கட்ட வேண்டாம். இவ்வளவு பெரிய ஒரு காப்பகம் வீட்டுக்குள்ளேயே வந்து நிற்பது எவ்வளவு பெரிய கொடை என்பது, ஆவணக் காப்பகங்களின் வாசலில் அனுமதிக் கடிதத்தோடு காத்துக் கிடந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பயன்படுத்தாத படம் எப்படிச் சேர்ந்தது என்று கேட்கலாம். செய்திப்படம் வாரத்துக்கு இரண்டு முறை வெளியாகும். ஒரு இதழ் ஏறத்தாழ பத்து நிமிஷம் ஓடும். அதற்குள் அரசர், கால்பந்து, வெள்ளம், தொப்பி ஃபேஷன் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒரு நிமிஷம் கிடைத்தாலே பெரிது. போர்க்காலத்தில் பிலிம் தட்டுப்பாடு வந்து அந்த நீளமும் சுருங்கியது. ஆனால் கேமராமேன் ஒரு நாள் முழுக்க அங்கே இருந்து படம் எடுப்பார். வேறு சூடான செய்தி வந்துவிட்டால் பள்ளிக்கூடக் கதை மொத்தமாகவே ஒதுங்கிவிடும்; அது இன்றைக்கே வந்தாக வேண்டிய செய்தி இல்லையே. அப்படி ஒதுக்கிய கதைகளும், வெளியான கதைகளில் வெட்டிப்போட்ட மிச்சங்களும் டப்பாக்களில் தங்கிவிட்டன. பிரிட்டிஷ் செய்திப்படக்காரர்கள் கையில் அதிகம் இருந்தது நியூமன் சின்க்ளேர் என்ற கேமரா. சாவி கொடுத்து ஓட்டுவது. அதில் ஏறுவது 200 அடி பிலிம், அதாவது இரண்டு நிமிஷத்துக்குச் சற்று அதிகம். அதனால்தான் இந்தத் துண்டுகளில் ஷாட்கள் சின்னச் சின்னதாக இருக்கின்றன. நம்மைப் போல கேமராவை ஓட விட்டுவிட்டுக் காத்திருக்க அவர்களால் முடியாது.

இப்போது படங்களுக்கு வருகிறேன்.

பெயர் தெரியாத ஒரு பையன்கள் பள்ளியின் படுக்கை அறை. இரும்புக் கட்டில்கள் இரண்டு வரிசை, எல்லாவற்றிலும் ஒரே மாதிரிக் கம்பளி. கடைசிக் கட்டிலில் இருக்கும் பையன் எழுந்து, போர்வையை உதறி, செருப்பைத் தேடுகிறான். கட். அதே பையன் மறுபடி எழுகிறான். கட். மூன்றாவது தடவையும் எழுகிறான். வெளியான படமாக இருந்தால் இவற்றில் மிகச் சுத்தமான ஒன்றுதான் நமக்குக் கிடைத்திருக்கும். இங்கே மூன்றும் கிடைக்கின்றன. முதல் இரண்டில் அவன் நடிக்கிறான். கொட்டாவிகூட அளவாக வருகிறது. மூன்றாவதில் சலித்துப்போயிருக்கிறான். செருப்பைக் காலாலேயே துழாவுகிறான், கண் கேமராவுக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்க்கிறது. இன்னொரு தடவை சொல்லிவிடுவார்களோ என்ற பார்வை அது. பக்கத்துக் கட்டில்காரன் சிரிப்பை அடக்கத் தலையணையில் முகத்தைப் புதைக்கிறான். வெளியான பாத்தே படங்களில் விடுதிப் பையன்களை நிறையப் பார்த்தேன். பையன்களாகவே இருக்கும் பையன்களை இந்தத் துண்டில்தான் பார்த்தேன்.

ஒரு பெண்கள் பள்ளியில் லக்ராஸ் விளையாட்டு, வலைக் குச்சியால் பந்தைப் பிடித்து எறிவது. ஆட்டம் சாதாரணமாகத்தான் எடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் சில விநாடிகள் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒரு கை சட்டகத்துக்குள் (ஃபிரேமுக்குள்) வந்து ‘நில்லுங்கள்’ என்று காட்டுகிறது. பெண்கள் நிற்கிறார்கள். ஒருத்தி குனிந்து சாக்ஸை இழுத்துவிடுகிறாள். இரண்டு பேர் ஏதோ பேசிக்கொள்கிறார்கள், கன்னத்தில் குளிர் தெரிகிறது. கை விலகியதும் எல்லோர் முகமும் ஒரே கணத்தில் மாறுகிறது; அடுத்த நொடி ஓடத் தொடங்குகிறார்கள்.

ஓய்வு நேரத்தைக் காட்டும் துண்டுகள்தான் இந்தக் காப்பகத்தின் செல்வம் என்பேன். பால்சா மரத்தில் விமானம் செய்யும் பையன்கள், தபால்தலை ஆல்பம், சதுரங்கம், முயல் கூண்டைச் சுத்தம் செய்யும் பெண், மழைநாளில் ஜன்னலோரம் பின்னல் பின்னும் நாலு பேர், படிக்கட்டில் உட்கார்ந்து சரட்டில் கோத்த குதிரைக் கஷ்கொட்டைகளை மோதி உடைக்கும் ஆட்டம். இவற்றை எடிட்டர்கள் ஏன் ஒதுக்கினார்கள் என்று எனக்குப் புரிகிறது. எதுவும் நடப்பதில்லை. என் உதவியாளர் தம்பியும் முதலில் அதையே சொன்னான்: “அக்கா, இதுல ஒண்ணுமே நடக்கலையே, சும்மா உக்காந்திருக்காங்க.” சும்மா உட்கார்ந்திருப்பதைத்தான் நான் தேடினேன். விடுதியில் இருந்த யாரைக் கேட்டாலும் அந்த நீண்ட சாயங்காலங்களைத்தான் சொல்வார்கள். வகுப்பு முடிந்துவிட்டது, விளக்கணைக்க நேரம் இருக்கிறது, வீடு தூரத்தில் இருக்கிறது. அந்த நேரத்தை எப்படிக் கரைப்பது என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்கிறார்கள். பசை காய்வதற்காக விமானத்தின் இறக்கையை இரண்டு விரலால் பிடித்தபடி ஒரு பையன் அசையாமல் காத்திருக்கும் ஷாட் ஒன்று உண்டு. அதை வெட்டாமல் அப்படியே படத்தில் வைத்தேன்.

கவனித்த இன்னொன்று: பெரியவர்கள். வெளியான படங்களில் தலைமையாசிரியர் வருவார், அங்கியோடு நடப்பார், கை குலுக்குவார். பயன்படுத்தாத துண்டுகளின் ஓரங்களில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் கேமரா பிள்ளைகளின் வரிசையைத் தொடரும்போது, பெரிய பாத்திரத்தைத் தூக்க முடியாமல் தூக்கி வரும் சமையல்காரப் பெண் இடதுபக்கமாக நுழைந்து, தான் சட்டகத்துக்குள் வந்துவிட்டதை உணர்ந்து, அப்படியே பின்வாங்குகிறார். அந்த ஷாட்டைக் கெட்டுப்போனது என்று அன்றைக்கு ஒதுக்கியிருப்பார்கள். எங்கள் இயக்குநர் அதைப் பார்த்த உடனே, “இந்த அம்மாவை எடுத்துடாதீங்க, இவங்க இல்லாம அங்க ஒரு வேளை சாப்பாடு நடந்திருக்காது” என்றார். தோட்டக்காரர், துணி மூட்டை சுமப்பவர், விடுதித் தாயாக இருந்த மேட்ரன் எல்லோரும் இப்படித்தான் தற்செயலாகச் சிக்கியிருக்கிறார்கள்.

பெரும்பாலான துண்டுகளுக்கு ஒலி இல்லை. செய்திப்படங்களில் இசையும் வர்ணனையும் பிற்பாடு ஸ்டுடியோவில் சேர்க்கப்பட்டவை. சேர்க்கும் கட்டத்துக்கே போகாத படத்தில் ஊமை பிம்பம் மட்டும்தான் மிஞ்சும். எனக்கு இது குறையாகத் தோன்றவில்லை. 1940இலிருந்து 1970 வரை பாத்தேயின் குரலாக இருந்த பாப் டான்வர்ஸ் வாக்கரின் வர்ணனை அருமையான கைவினை, ஆனால் அந்த உற்சாகக் குரல் எந்தப் பள்ளியையும் சந்தோஷமான பள்ளியாக்கிவிடும். பிரம்படி அந்தப் பள்ளிகளில் அன்றாட விஷயம். இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளில் 1990களின் கடைசியில்தான் சட்டப்படி அது ஒழிந்தது. எந்தச் செய்திப்படத்திலும் அந்தப் பிரம்பைப் பார்க்க முடியாது. பயன்படுத்தாத துண்டுகளிலும் நான் பார்க்கவில்லை. ஆனால் குரல் இல்லாதபோது பிள்ளைகளின் தோள்களைக் கவனிக்க முடிகிறது. ஆசிரியர் கடந்து போகும்போது ஒரு வரிசை முழுக்க எப்படி நிமிர்கிறது என்று பார்த்தால் கொஞ்சம் தெரியும்.

தேடல் வசதி பற்றி. சொற்களை மாற்றி மாற்றிப் போட வேண்டும். ‘போர்டிங் ஸ்கூல்’ என்று மட்டும் போட்டால் பிரபலமான பள்ளிகள் முதலில் வரும்: ஈட்டன், ஹாரோ, நீலக் கோட்டும் மஞ்சள் காலுறையும் போட்ட கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிட்டல் பிள்ளைகள். ‘டார்மிட்டரி’, ‘ஸ்கூல்பாய்ஸ்’, ‘ஹாபிஸ்’, ‘பில்லோ ஃபைட்’ என்று அன்றாடத்துக்குப் பக்கத்தில் தேடினால்தான் பெயரில்லாத பள்ளிகள் வெளியே வரும். ஒரே சுருளில் சம்பந்தமில்லாத மூன்று இடங்கள் ஒட்டிக்கிடப்பதும் உண்டு. முழுவதும் ஓட்டிப் பாருங்கள். பட்டியல் விவரங்கள் பல இடங்களில் ஒற்றை வரிதான். ஷாட்டுக்கு ஷாட் விவரம் எதிர்பார்க்கிறவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். பட்டியல் எழுத இன்னும் சில வருஷம் யாரையாவது உட்கார வைத்திருந்தால் இதன் மதிப்பு பல மடங்கு கூடியிருக்கும் என்பது என் ஆதங்கம்.

தேதி தெரியாத துண்டுக்குத் தேதி கண்டுபிடிக்கும் வேலை கடினம், ஆனால் மனசுக்குப் பிடித்த வேலை. பிள்ளைகள் தோளில் சின்ன அட்டைப் பெட்டி தொங்கினால் அது விஷவாயு முகமூடி; 1939, 1940ஐ ஒட்டிய காலம். ஜன்னல் கண்ணாடியில் குறுக்காகக் காகிதப் பட்டை ஒட்டியிருந்தால் போர்க்காலம். மிட்டாய்க் கடைக் காட்சியில் ரேஷன் கூப்பன் கிழித்துக் கொடுக்கிறார்கள் என்றால் 1942 ஜூலைக்கும் 1953 பிப்ரவரிக்கும் இடையில். நடுவில் 1949இல் சில மாதங்கள் மட்டும் மிட்டாய் ரேஷனை நிறுத்திப் பார்த்து மறுபடி கொண்டுவந்தார்கள். மரக் கொட்டகைகள் வரிசையாக இருக்கும் பள்ளி என்றால், 1939இன் முகாம் சட்டப்படி கட்டப்பட்டு, குண்டுவீச்சுக்குத் தப்பி வந்த நகரத்துப் பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளியாக மாறிய முகாம்களில் ஒன்றாக இருக்கலாம். சர்ரேயில் இருக்கும் சேயர்ஸ் கிராஃப்ட் அப்படிப்பட்டது; லண்டனின் கேட்ஃபர்ட் பகுதிப் பையன்கள் போர் முடியும்வரை அங்கே தங்கிப் படித்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளின் விடுதியும் இந்த விடுதியும் ஒன்றல்ல. பெயரில்லாத துண்டில் இரண்டையும் குழப்பிவிட்டால் படம் பொய் சொல்லும்.

மூலச் சுருளைப் பார்க்க வாய்ப்பிருந்தால் இன்னொரு வழி உண்டு. கோடாக் நிறுவனம் பிலிமின் விளிம்பில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறி போட்டு அந்தப் பிலிம் தயாரான வருஷத்தைப் பதித்தது. குறிகள் இருபது வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். அதனால் குறியை வைத்து 1927ஆ 1947ஆ என்று சந்தேகம் வந்தால், பிள்ளைகளின் உடையும் பின்னால் நிற்கும் மோட்டார் காரும் தீர்ப்புச் சொல்லிவிடும். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் செய்திப்படத் தரவுத்தளத்தையும் பக்கத்திலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். 1910 முதல் 1979 வரை வெளியான ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட செய்திக் கதைகளின் பட்டியல் அது. உங்கள் துண்டு வெளியாகாததாக இருந்தாலும், அதே பள்ளியைப் பற்றி வெளியான கதை அதில் அகப்படலாம்.

பிம்பத் தரம். இணையத்தில் காண்பவை பெரும்பாலும் 2002ஐ ஒட்டிய டிஜிட்டல் மாற்றத்திலிருந்து வந்தவை. போன் திரையில் குறை தெரியாது, பெரிய திரையில் தெரியும். ஊமைப்பட காலத்துத் துண்டுகள் விநாடிக்கு 16, 18 சட்டகங்கள் என்ற வேகத்தில் எடுக்கப்பட்டவை. அவை இன்றைய வீடியோவின் வேகமான 25இல் ஓடும்போது பிள்ளைகள் பொம்மைகள் மாதிரி விறுவிறு என்று ஓடுவார்கள். எடிட்டில் வேகத்தை 65இலிருந்து 70 சதவீதத்துக்குள் கொண்டுவந்து பாருங்கள், நடை நடையாகிவிடும். இதைச் செய்யாமல் பழைய படம் என்றாலே வேகமாகத்தான் ஓடும் என்று அப்படியே போட்டுவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம் அது. அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டுவதும் வேண்டாம். சட்டகத்தின் ஓரங்களிலும் பார்க்க வேண்டியவை இருக்கின்றன.

பணம். பார்க்க இலவசம், பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும். யூட்யூபில் இருப்பதை இறக்கி ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். இந்தத் தொழிலில் எங்கேயும் உள்ள வழக்கம்தான்: எத்தனை விநாடி, எந்த நாடுகளில், எத்தனை வருஷத்துக்கு, தியேட்டரா டிவியா இணையமா என்பதையெல்லாம் வைத்துக் கட்டணம் முடிவாகும். சின்ன பட்ஜெட் தமிழ் ஆவணப்படத்துக்கு எந்த வெளிநாட்டுக் காப்பகமும் மலிவாக இருக்காது. ஆகவே வாட்டர்மார்க் (காப்பகத்தின் முத்திரை) போட்ட பிரிவ்யூவை வைத்தே முழுப் படத்தையும் வெட்டி முடித்து, ஒரு விநாடிகூட இனி மாறாது என்ற நிலை வந்த பிறகு உரிமம் வாங்குங்கள். திருவிழாக்களுக்கு மட்டும் என்று முதலில் வாங்கி, ஓடிடி வந்தால் கூடுதல் உரிமைக்கு என்ன விலை என்பதையும் அதே கடிதத்தில் எழுதி வாங்கிவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட நண்பர் ஒருவர், வேறொரு காப்பகத்திடம், முதல் தொகையைவிடப் பெரிய இரண்டாவது தொகை கட்ட நேர்ந்தது.

உரிமம் வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. பள்ளிக்கு வந்து இறங்கும் நாளில், டிரங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழும் மிகச் சின்னப் பையன் ஒருவனின் ஷாட் கிடைத்தது. ஏழு வயது இருக்கலாம். கேமரா பக்கத்திலேயே நிற்கிறது, அவன் முகத்தை மறைக்க இடமில்லாமல் மறைக்கப் பார்க்கிறான். இயக்குநருக்கு அது வேண்டும் என்று இருந்தது. படத்தின் கருவே அதுதானே என்றார். நான் மறுத்தேன். அன்றைக்குப் பாத்தே எடிட்டர் அதை வெளியிடாமல் விட்டார். காரணம் நேரமின்மையாகவே இருந்தாலும் அந்தப் பையனுக்கு அது நல்லதாகத்தான் முடிந்தது. நாம் தோண்டி எடுத்து அவனை அம்பலத்தில் நிறுத்த வேண்டாம் என்றேன். இரண்டு நாள் பேசி, பெட்டியின் மேல் இருக்கும் அவன் கை மட்டும் தெரியும் கடைசி விநாடியை எடுத்துக்கொண்டோம். பயன்படுத்தாத படத்தைப் பயன்படுத்துகிறவர்கள் ஒவ்வொரு ஷாட்டிலும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேறு இடங்களையும் பார்த்தேன். ஹன்ட்லி பிலிம் ஆர்க்கைவ்ஸ் சிறியது, ஆனால் ஷாட் விவரங்களை நிதானமாக எழுதிவைப்பவர்கள். பாத்தேயில் இல்லாத அமெச்சூர் படங்கள் கிடைக்கலாம். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் குடும்பங்களின் வீட்டுப் படங்கள் வேண்டுமென்றால் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மையத்துக்குப் போங்கள். பெரும்பாலும் 1920கள் முதல் 1940கள் வரை எடுத்தவை, இணையத்திலேயே பார்க்கலாம். மலைவாசஸ்தல வாழ்க்கைக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனால் தொழில்முறைக் கேமராமேனின் கூரிய ஃபோகஸும் 35 மில்லிமீட்டர் பிலிமின் நுணுக்கமும் வேண்டுமென்றால் பாத்தேதான்.

ஆகவே முதல் தடவை போகிறவர்களுக்கு: பிரபலப் பள்ளிகளின் பெயரைத் தேடாதீர்கள். ஒலியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு துண்டின் எண்ணையும் நேரக் குறிப்போடு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். தலைப்புகள் ஒரே மாதிரி இருப்பதால் மறுபடி தேடினால் கிடைக்காது. உரிமம் பேசும்போது, மூலச் சுருளிலிருந்து புதிதாக ஸ்கேன் செய்து தர முடியுமா, அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு, விளிம்பில் இருக்கும் குறியோடு சேர்த்து ஸ்கேன் செய்வார்களா என்ற மூன்றையும் கையெழுத்துக்கு முன்னால் கேளுங்கள்.